இருட்டும் அமைதியும்: சிறு அரங்கின் ஒளி, ஒலி, மேடை

நூறு பேர் அமரும் அரங்கில் நடிகருக்கும் கடைசி வரிசைக்கும் இடையே அதிகம் போனால் 12 மீட்டர் இருக்கும். சிறு அரங்கின் பெரிய சொத்து இந்தக் குறைந்த தூரம்தான். பயிற்சி பெற்ற குரல் மைக் இல்லாமலே அவ்வளவு தூரம் போய்ச் சேரும். புருவம் நெரிவதும் உதடு துடிப்பதும் கண்ணில் படும். ஆனால் ஜன்னல் இடுக்கில் கசியும் தெருவிளக்கும், தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் பார்வையாளருக்கு அதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன. பல சிறு குழுக்கள் இந்தத் தொல்லைகளை இன்னும் பெரிய விளக்கும் இன்னும் பெரிய ஸ்பீக்கரும் வைத்து அமுக்கப் பார்க்கின்றன. செலவு கூடுகிறது, கிட்டத்தில் இருந்து பார்க்கும் சுகமும் போய்விடுகிறது. விளக்கு மாட்டுவதற்கு முன் இருட்டையும், மைக் வைப்பதற்கு முன் அமைதியையும் உண்டாக்கியாக வேண்டும். சிறு அரங்கில் மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருட்டை நன்றாக அறிந்த ஊர் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் அங்குள்ள தங்கச் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்றது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டது வரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே ஒரு விளக்கின் வட்டத்துக்குள் வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. 1965-இல் அதே சுரங்கத்தில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இயற்பியலாளர்கள் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டார்கள். தரைமட்டத்தில் காஸ்மிக் கதிர்களின் ஓயாத பொழிவில் அந்த அரிய நிகழ்வு தொலைந்துபோகும். கருவியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பொழிவும் சேர்ந்தே பெரிதாகும். ஆகவே அவர்கள் பொழிவு எட்டாத இடத்துக்கு இறங்கிப் போனார்கள். மெல்லியதைக் கேட்கவும் பார்க்கவும் வேண்டுமானால் சுற்றியுள்ள இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்ற இந்த விதி அரங்குக்கும் அப்படியே பொருந்தும்.

இந்த அத்தியாயத்தின் கணக்குகளுக்கு ஒரு மாதிரி மண்டபம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நீளம் 15 மீட்டர், அகலம் 9 மீட்டர், உயரம் 5 மீட்டர். சிமெண்ட் தரை, சிமெண்ட் பூச்சுச் சுவர், இரண்டு பக்கமும் ஜன்னல். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்றில்லாமல் எந்தச் சிற்றூரிலும் பள்ளிக்கூடமாகவோ திருமண மண்டபமாகவோ காணக்கூடிய கட்டடம் இது. அதில் மேடையேறப் போவது சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு நாடகம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தீவட்டியும் மின்சாரமும்

தங்கவயலுக்கு வேலை தேடி வந்தவர்களில் ஏராளமானோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். வட ஆர்க்காடு தெருக்கூத்தின் தாய்மண். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஊர் அந்தப் பழைய மாவட்டத்தில்தான் இருக்கிறது. கூத்தின் ஒப்பனையும் உடுப்பும் குறைந்த வெளிச்சத்தின் இயற்பியலைத் துல்லியமாக அறிந்தவர்கள் உருவாக்கியவை. கூத்துக்கு வெளிச்சம் தந்த தீவட்டிச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். நண்பகல் வெயிலோ 5,500 கெல்வின் அளவில் இருக்கும். சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகச் சொற்பம். அந்த ஒளியில் நீலப் பூச்சு கறுப்பாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் எரியும். கூத்தில் முகங்கள் அழுத்தமான சிவப்பிலும், கோடுகள் தடித்த கறுப்பிலும் வெள்ளையிலும் இருப்பதற்கு இது ஒரு வலுவான காரணம். கிரீடத்திலும் தோளணியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் சுடரைப் பார்வையாளரின் கண்ணுக்கு நேரே திருப்பி அனுப்பும். ஆடுபவர் அசையும்போதெல்லாம் நூறு சிறு மின்னல்கள் தோன்றி மறையும். இத்தனைக்கும் ஒளி மூலம் ஆடுபவரிடமிருந்து ஓரிரு மீட்டர் தொலைவில்தான் இருந்தது. அந்த நெருக்கத்தின் மதிப்பு அடுத்து வரும் கணக்கில் தெரியும்.

காவிரியின் சிவசமுத்திர அருவியில் மைசூர் அரசு அமைத்த நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சுமார் 147 கிலோமீட்டர் நீண்ட அந்த மின்தடம் அந்நாளில் உலகின் மிக நீளமானவற்றில் ஒன்று. பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான். அந்த மின்சாரம் விநாடிக்கு 25 சுழற்சி கொண்டது. மாறுமின்னோட்டத்தில் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை இழை சூடேறித் தணியும். எனவே 25 சுழற்சி மின்சாரத்தில் விளக்கின் ஒளி விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும். இழை மெல்லிதாக இருந்தால் இந்தத் துடிப்பைக் கண் உணரும், அதுவும் கடைக்கண்ணில் கூடுதலாக. இன்றைய 50 சுழற்சி மின்சாரத்தில் துடிப்பு விநாடிக்கு 100 முறை என்பதால் கண் அதைத் தொடர்ச்சியான ஒளியாகவே எடுத்துக்கொள்கிறது. மலிவான எல்இடி விளக்குகளில் இந்தச் சிக்கல் வேறு வழியில் திரும்பி வருகிறது. அவை ஒளியைக் குறைப்பதற்கு மின்சாரத்தை விரைவாகத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கின்றன. அந்த வேகம் போதாதபோது, கைகளை வேகமாக வீசும் நடிகரின் விரல்கள் பல துண்டுகளாகத் தெரியும். நாடகத்தைப் பதிவு செய்யும் கேமராவில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும்.

இருட்டைக் கட்டுதல்

வெயிலிலிருந்து கூண்டில் இறங்கும் சுரங்கத் தொழிலாளிக்கு முதலில் எதுவும் தெரியாது. சற்று நேரம் போனால் கால் வைக்கும் இடம் தெரியும். விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் பத்து நிமிடத்துக்குள் இருட்டுக்குப் பழகிவிடுகின்றன. மங்கலில் பார்க்கும் கோல் செல்கள் முழுத் திறனை எட்ட 20 முதல் 30 நிமிடம் ஆகும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு சிறு விளக்கே போதும். அந்தக் கண்ணில் ஒரு கைப்பேசித் திரையின் வெளிச்சம் பட்டால் பழக்கம் கணத்தில் கலைந்துவிடும். மீண்டும் பழகப் பல நிமிடம் வேண்டும். நாடகத்தின் நடுவே கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விடுவதன் உண்மையான விலை இதுதான்.

மாதிரி மண்டபத்தில் முதல் நாள் வேலை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பட்டப்பகலில் உள்ளே உட்காருவது. பத்து நிமிடம் கழித்து ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்: கதவின் அடி இடுக்கு, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள பிளவு, கூரைக்கு அடியிலுள்ள காற்றுப்போக்கி. ஒற்றைக் கறுப்புத் துணி போதாது. அதன் நெசவு வழியே வெளிச்சம் வடியும். இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டு, ஓரங்களில் ஒரு சாண் அளவாவது ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விட வேண்டும். மேடைக்குப் பின்சுவர் வெள்ளையாக இருந்தால் எந்த விளக்கைப் போட்டாலும் அது அரங்கம் முழுதும் சிதறும். கறுப்புத் திரையோ, பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சோ அங்கே கட்டாயம். இந்த வேலைக்கு ஆகும் துணியின் செலவு ஒரு நல்ல விளக்கின் விலைக்குள் அடங்கிவிடும்.

இருட்டில் கண்ணின் நிற உணர்வும் மாறுகிறது. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகப் படுவது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை. மங்கலில் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப் பச்சைக்கு நகர்கிறது. செக் அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டில் கவனித்த விளைவு இது. நிலவொளி நீலம் என்று உலகெங்கும் மேடைகளில் காட்டப்படுவதற்கு இதில் ஓர் ஆதாரம் உண்டு. நிலவொளி உண்மையில் வெயிலின் எதிரொளிப்புதான், அதில் தனியாக நீலம் எதுவும் இல்லை. சுரங்கக் காட்சியை அடர் நீலத்தில் மூழ்கடிப்பது பல மேடைகளில் நடக்கிறது. அது தவறான தேர்வு. நீலம் பார்வையாளரைத் திறந்த வானத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தும். பூமிக்கு அடியில் வானம் இல்லை. அங்கே ஒளி உள்ள இடமும் ஒளி இல்லாத இடமும்தான் உண்டு.

விளக்கும் கோணமும்

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். 3 மீட்டரில் 900 லக்ஸ் தரும் விளக்கு 6 மீட்டரில் 225 லக்ஸ் தரும், 9 மீட்டரில் 100 லக்ஸ்தான் தரும். தீவட்டி எளிய ஒளி மூலமாக இருந்தும் முகத்துக்குப் போதுமானதாக இருந்தது இதனால்தான். மண்டபத்தின் கடைசியில் ஒரு பெரிய விளக்கை வைத்து மேடையை நோக்கித் திருப்புவதைவிட, நடிகரிடமிருந்து 3 அல்லது 4 மீட்டர் தொலைவில் குழாய் கட்டிச் சிறு விளக்குகளைத் தொங்கவிடுவது மேல். அப்போது வெளிச்சம் பின்சுவரிலும் சிதறாது.

கோணம் முகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. நேர் எதிரே கண்மட்டத்தில் வரும் ஒளியில் முகம் தட்டையாகும். நேர் மேலிருந்து வந்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஸ்டான்லி மெக்காண்ட்லஸ் 1932-இல் வெளியிட்ட நூலில் சொன்ன முறை இன்றும் சிறு அரங்குகளின் அடிப்படைப் பாடம்: நடிகரின் இடது முன்புறமிருந்து ஒரு விளக்கு, வலது முன்புறமிருந்து ஒரு விளக்கு, இரண்டும் சுமார் 45 பாகை உயரத்தில், ஒன்று சற்றே வெதுவெதுப்பான நிறம், மற்றது சற்றே குளிர்ந்த நிறம். மாதிரி மண்டபத்தில் விளக்குக் குழாய் 4.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், மேடை 40 சென்டிமீட்டர் உயரம் என்றும் வைத்தால், நடிகரின் முகம் தரையிலிருந்து 2 மீட்டரில் இருக்கும். வித்தியாசம் 2.6 மீட்டர், ஆகவே 45 பாகைக்கு விளக்கு முகத்திலிருந்து கிடைத்தளத்தில் 2.6 மீட்டர் முன்னால் தொங்க வேண்டும். மேடையை 1 மீட்டருக்கு உயர்த்தினால் வித்தியாசம் 2 மீட்டராகக் குறைந்துவிடும். விளக்கின் வட்டம் சுருங்கும், தலை சூட்டில் வேகும். தாழ்ந்த கூரைக்குத் தாழ்ந்த மேடையே ஏற்றது.

மெக்காண்ட்லஸின் முறையைத் தமிழ் முகங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கருநிறத் தோல் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புத் திரைக்கு முன்னால் முடியும் தோளும் பின்னணியோடு கரைந்துவிடும். இதற்கு மாவு பூசி முகத்தை வெளுக்க வைப்பது பழைய பழக்கம். அது முகத்தின் உயிரையே எடுத்துவிடும். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஒளி கொடுப்பதே சரியான வழி. தோலின் இயற்கையான மினுமினுப்பில் பக்க ஒளி பட்டு கன்ன எலும்பையும் தாடையையும் வரைந்து காட்டும். பின் ஒளி தோளின் விளிம்பைத் திரையிலிருந்து பிரிக்கும். நிறத்தில் இளம் அம்பரும் இளஞ்சிவப்பும் பொருந்தும், பச்சை சாயல் பொருந்தாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற எல்இடிகளை மட்டும் கலந்து வெள்ளை தரும் மலிவு விளக்குகளில் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதற்குக் காரணம், அந்த மூன்று நிறங்களுக்கும் நடுவே அலைநீளங்கள் விடுபட்டிருப்பதுதான். தோலின் பழுப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வெள்ளையும் அம்பரும் தனியாகச் சேர்ந்த எல்இடி விளக்குகள் நான்கு வாங்குவது, மூவண்ண விளக்குகள் பன்னிரண்டு வாங்குவதைவிட நல்ல முதலீடு.

ஒளியைக் குறைக்கும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய அரங்குகளில் உப்புநீர் நிரம்பிய ஜாடிக்குள் உலோகத் தகடுகளை இறக்கி ஏற்றி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். கொதித்தும் சிதறியும் ஆளைத் தாக்கியும் ஆபத்து விளைவித்த முறை அது. இன்று அந்த வேலையைத் தைரிஸ்டர் செய்கிறது. எந்த டிம்மராக இருந்தாலும் கண்ணின் இயல்பை நினைவில் வைக்க வேண்டும்: அளவில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்த ஒளி கண்ணுக்கு ஏறத்தாழப் பாதியாகத்தான் படுகிறது. டங்ஸ்டன் இழை விளக்கு மங்கும்போது சிவந்துகொண்டே போகும். மாலை மயங்கும் காட்சிக்கு அதுவே போதும். எல்இடி மங்கினாலும் நிறம் மாறாது என்பதால் அந்தச் சிவப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மின்சுமைக் கணக்கு எளிது, ஆனால் தவிர்க்கக் கூடாதது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 3,680 வாட். அதில் 1,000 வாட் பார் (PAR) விளக்கு மூன்றுக்கு மேல் கூடாது. எட்டு விளக்கு என்றால் 8,000 வாட், ஏறத்தாழ 35 ஆம்பியர். சாதாரண மண்டபத்தின் ஒற்றை இணைப்பு அதைத் தாங்காது. 200 வாட் எல்இடி எட்டு போட்டால் 1,600 வாட், 7 ஆம்பியரில் முடிந்துவிடும். சிறு குழுக்களுக்கு எல்இடி தந்த உண்மையான விடுதலை நிறம் மாற்றும் வித்தைகளில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.

சுரங்க நாடகத்துக்கு ஒளி எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இந்திய அரங்கில் ஒரு முன்னோடி உண்டு. 1959-இல் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் லிட்டில் தியேட்டர் குரூப் ‘அங்கார்’ நாடகத்தை அரங்கேற்றியது. நிலக்கரிச் சுரங்க விபத்தைப் பற்றிய அந்த நாடகத்துக்கு இசை ரவிசங்கர், ஒளி தாபஸ் சென். வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்கும் இறுதிக் காட்சியை ஒளியாலேயே அவர் உருவாக்கினார். வங்க நாடக உலகம் இன்றும் அதைப் பேசுகிறது. தண்ணீரின் தோற்றத்துக்கு எளிய வழிகள் உண்டு. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி, மேலிருந்து குறுகிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, தட்டை விரலால் தட்டினால் சுவரில் அலை ஓடும். அந்த ஒளிக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்து மெல்ல நகர்த்தினால் அலையின் மேல்விளிம்பு நடிகரின் முழங்காலிலிருந்து மார்புக்கு ஏறும்.

தொழிலாளியின் தலைவிளக்கு இந்த நாடகத்தின் இன்னொரு கருவி. முழு இருட்டில் 3 வாட் எல்இடி தலைவிளக்கு இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள முகத்தைத் தெளிவாகக் காட்டும். அணிந்தவரின் முகம் இருட்டிலேயே இருக்கும். அவர் யாரைப் பார்க்கிறாரோ அவர் முகம் ஒளிபெறும். இருவர் பேசும்போது ஒருவர் மற்றவருக்கு வெளிச்சமாகிறார். ஒத்திகையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கற்றை பார்வையாளர் கண்ணில் நேராகப் படக் கூடாது. பட்டால் இருட்டுக்குப் பழகிய கண்கள் அத்தனையும் கெட்டுவிடும். விளக்கின் மேல்பாதியை ஒட்டுநாடாவால் மறைத்து, நடிகர் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பழகினால் போதும்.

குரல் போகும் வழி

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். நடிகரின் குரல் ஒரு மீட்டரில் 70 டெசிபெல் என்றால் 2 மீட்டரில் 64, 4 மீட்டரில் 58, 8 மீட்டரில் 52. மூடிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இழப்பு இதைவிடக் குறைவு. பேச்சு தடையின்றிப் புரிய, அது பின்னணி இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபெல் மேலே இருக்க வேண்டும். வேகமாகச் சுழலும் மின்விசிறிகள் 45 டெசிபெல்லை எளிதில் தொட்டுவிடும். 52-இல் வரும் குரலுக்கு 7 டெசிபெல்தான் மிஞ்சும். விசிறியை நிறுத்தினால் எந்தக் கருவியும் வாங்காமலே குரல் எழுந்துவரும். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கும் தங்கவயலில் பெரும்பாலான மாலைகளில் அது முடியும். சென்னையின் மே மாதத்தில் முடியாது. அங்கே காட்சிக்கு முன்பே அரங்கைக் குளிரவைத்து, காட்சியின்போது வேகத்தைக் குறைப்பதுதான் வழி. ஜெனரேட்டரை மண்டபத்தின் மறுபக்கம், கட்டடம் மறைக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

இரைச்சல் போன பிறகு எஞ்சுவது முழக்கம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்று வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அந்த மண்டபத்தில் ஒரு சொல் 5.5 விநாடி நேரம் அடங்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆர்கன் குழாயின் ஒலி அடங்கும் நேரத்தைச் சபைன் அளந்தார். கிடைத்த விதி இது: அரங்கின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் முழக்க நேரம் விநாடியில் வரும். உறிஞ்சுதலின் அலகாக அவர் எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்புவதே இல்லை.

மாதிரி மண்டபத்தின் கன அளவு 675 கன மீட்டர். உள்பரப்பு 510 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சு தன்மேல் படும் ஒலியில் சுமார் 3 சதவீதத்தைத்தான் உறிஞ்சும், ஆகவே காலி மண்டபத்தின் உறிஞ்சுதல் வெறும் 15 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். முழக்க நேரம் 7 விநாடியைத் தாண்டுகிறது. ஆள் ஒருவருக்கு 0.45 என்று நூறு பேர் வந்து அமர்ந்தால் 45 சேர்ந்து 60 ஆகும், நேரம் 1.8 விநாடிக்கு இறங்கும். பேச்சு நாடகத்துக்கு ஒரு விநாடியை ஒட்டி இருப்பது நல்லது. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை 70 சதுர மீட்டர் போட்டால், பாதி உறிஞ்சுதல் என்ற கணக்கில் இன்னும் 35 சேரும், நேரம் 1.1 விநாடி. இருட்டுக்காகக் கட்டிய அதே திரைகள் இந்தக் கணக்கில் பெரும்பகுதியை முடித்துவிடுகின்றன. காலி மண்டபத்தில் ஒத்திகை பார்த்துக் குரலைப் பழகும் நடிகர், நிரம்பிய மண்டபத்தில் தன் குரல் திடீரென்று செத்துப்போனதாக உணர்வதற்கும் இதே கணக்குதான் காரணம்.

முழக்கம் கெடுப்பது மெய்யெழுத்துகளை. பேச்சின் வலிமை உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது; பொருளைப் பிரித்துக் காட்டும் மெய்கள் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெலிந்து, சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். முந்தைய உயிரொலியின் முழக்கம் அடுத்த மெய்யை மூடிவிட்டால் ‘கல்’ சொன்னாரா, ‘பல்’ சொன்னாரா என்று தெரியாது. அந்த நிலையில் ஒலிபெருக்கியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்து கூடும்.

திரையைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பயன் குறைவு. சுவர்ப் பரப்பில் காற்றுத் துகள்கள் அசைவதில்லை. அலையின் கால்பங்கு நீளம் தள்ளிப்போனால்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 850 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளுக்கு அது சரியாக அமையும். கம்பளியும் ஜமக்காளமும் நன்றாக உறிஞ்சும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. அவை சற்றே சிதறடிக்கும், சொற்பமே உறிஞ்சும், தீப்பிடித்தால் நொடியில் எரியும். அதைக் கைவிடுவதே நல்லது. திரையில் முதல் பங்கு பின்சுவருக்கு. நடிகரின் குரல் 15 மீட்டர் போய் 15 மீட்டர் திரும்பி வர ஏறத்தாழ 87 மில்லிவிநாடி ஆகிறது. 50 மில்லிவிநாடிக்கு மேல் தாமதித்து வருவதைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கும் என்பதால், முதல் வரிசைக்காரர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் விழும்.

இவ்வளவும் செய்த 12 மீட்டர் அரங்கில் பேச்சுக்கு மைக் வேண்டியதில்லை. கூத்துக் கலைஞர்கள் உச்ச சுருதியில் பாடுவதும், முகவீணையின் கூர்மையான ஒலியைத் துணைக்கு வைப்பதும் திறந்த வெளியை வெல்லும் வழிகள். கூரைக்கு அடியில் அந்த அழுத்தம்கூடத் தேவைப்படாது. பாட்டுக்கோ ஆர்மோனியத்துக்கோ மைக் வைக்க நேர்ந்தால், ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றி வளர்வதால்தான் மைக் செட் கூவுகிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். கூவலுக்கு முதல் மருந்து அது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் விளக்கியபடி, ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து வந்தால் முதலில் வந்த திசையையே காது நம்பும். ஸ்பீக்கர் நடிகரைவிடப் பார்வையாளருக்குப் பக்கத்தில் இருந்தால் குரல் சுவரிலிருந்து வருவதாகத் தோன்றும். அதை மேடை மட்டத்துக்குப் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

பின்னணி ஒலிகளில் தங்கவயலுக்கே உரிய ஒன்று பாறை வெடிப்பு. ஆழத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று உடையும் இந்த நிகழ்வின் அதிர்ச்சி தரைக்கு மேலே உள்ள வீடுகளிலும் உணரப்பட்டது. பாறையின் இத்தகைய நடத்தையை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் இதே ஊரில் அமைக்கப்பட்டது. காற்றில் விநாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, கெட்டியான பாறையில் ஏறத்தாழ 5,000 மீட்டர் போகும். ஆகவே அது காதுக்கு வருமுன் காலுக்கு வரும். மேடையிலும் அப்படியே செய்யலாம்: தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரை மரத்தளத்துக்கு அடியில், தளத்தைத் தொடும்படி வைத்தால், முன்வரிசையின் பாதங்கள் முதலில் அதிரும், அரை விநாடி கழித்துத் தொங்கவிட்ட பெரிய தகரத்தை உலுக்கினால் மேலோசை வரும். அதற்குப் பிறகு வரும் நிசப்தத்தை எந்தப் பின்னணி இசையாலும் நிரப்பக் கூடாது.

உட்காரும் இடம்

அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கும். உச்சந்தலை அதற்கு 12 சென்டிமீட்டர் மேலே. சமதரையில் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நாற்காலிகளை நேர்வரிசையாகப் போட்டால், முன்னிருப்பவரின் தலையைத் தாண்டும் பார்வைக் கோடு மேல்நோக்கிப் போகிறது. 6 மீட்டர் தொலைவில் அந்தக் கோடு 1.95 மீட்டர் உயரத்தில் இருக்கும். 75 சென்டிமீட்டர் மேடையில் நிற்பவரின் உடலில் 1.2 மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. 12 மீட்டரிலோ கோடு நடிகரின் தலைக்கும் மேலே போய்விடும். பார்வையாளர் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க முடியும். மேடையை உயர்த்துவது இதற்கு வழக்கமான தீர்வு. அதனால் முதல் வரிசை அண்ணாந்து பார்க்க நேர்கிறது, விளக்கின் கோணமும் கெடுகிறது.

தமிழ்நாட்டுக் கோயில் முற்றங்களிலும் கூத்துக் களங்களிலும் பழகிப்போன ஏற்பாடு இதைவிடச் சிறந்தது. முன்னால் ஜமக்காளம், அடுத்து பெஞ்சு, அதற்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் உயர்த்திய தளத்தில் நாற்காலி. தரையில் அமர்ந்தவரின் கண்மட்டம் சுமார் 75 சென்டிமீட்டர், தலை 87. பெஞ்சில் இருப்பவரின் கண் 1.15 மீட்டரில் இருப்பதால் முன்னால் எத்தனை வரிசை தரையில் அமர்ந்தாலும் மறைக்காது. ஒரே உயரத்தில் இரண்டு மூன்று வரிசைகள் வந்தால், முன்னவர் இருவரின் தோள்களுக்கு நடுவே பின்னவர் வரும்படி மாற்றிப் போட வேண்டும். இந்த ஏற்பாட்டில் மேடை 30 அல்லது 40 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பார்வையாளர்களை மூன்று பக்கமும் அமர்த்தினால் கடைசி வரிசைத் தூரம் 12 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குச் சுருங்கும். குரலுக்கு அது 6 டெசிபெல் லாபம். அப்போது பின்திரை ஒரு பக்கம்தான் இருக்கும், பெரிய செட்டுகளுக்கு இடமில்லை. கூத்தில் இருவர் பிடிக்கும் கைத்திரையே நுழைவுக்குப் போதுமானதாகிறது.

சுரங்கத்தைக் காட்ட மேடையில் பாறை கட்ட வேண்டியதில்லை. தாழ்வான ஒரு மூங்கில் சட்டத்தைத் தொங்கவிட்டு நடிகரைக் குனிந்து நடக்க வைத்தால் கூரை தெரிந்துவிடும். இருட்டில் நடிகர்கள் இடம் மாறத் தரையில் ஒளிரும் நாடாவைச் சிறு துண்டுகளாக ஒட்டுவார்கள். விங்ஸ் ஓரங்களிலும் படிகளிலும் அது தவறாமல் இருக்க வேண்டும்.

ஓட்டமும் பாதுகாப்பும்

ஒளி, ஒலி இரண்டையும் இயக்குபவர் பார்வையாளர்களுக்குப் பின்னால், அவர்கள் பார்ப்பதையே பார்க்கும் இடத்தில் உட்கார வேண்டும். விங்ஸுக்குள் நின்று இயக்குபவருக்கு முகத்தில் நிழல் விழுவதோ, குரலை இசை மூடுவதோ தெரியாது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அது வரவேண்டிய வசனம் அல்லது அசைவு, எடுக்கும் விநாடிகள் ஆகியவை கையேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வசனத்தை விட்டுவிட்டு மாற்றங்களை மட்டும் தொடர்ச்சியாக ஓட்டிப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது நல்ல குழுவின் அடையாளம்.

துணி, மரம், சூடான விளக்கு, இருட்டில் அடைந்த கூட்டம் ஆகிய நான்கும் சேரும் இடம் அரங்கம். 1903-இல் சிகாகோவின் இரோகுவாய் அரங்கில் மேடை விளக்கின் பொறி திரையில் பற்றி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல வாசல்கள் பூட்டியிருந்தன அல்லது மறைந்திருந்தன. 1997-இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் மின்மாற்றியில் தொடங்கிய தீயின் புகையில் 59 பேர் மாண்டார்கள். அங்கும் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. ஹாலஜன் விளக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்பு போக இரும்புச் சங்கிலி ஒன்று தனியாக வேண்டும். விளக்கின் உலோக உடல் எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும்; இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்க வேண்டும். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி இணைப்பு கொடுத்தால் டிம்மரின் ரீங்காரம் ஸ்பீக்கருக்குள் வராது. இருட்டுக்காகத் தொங்கவிட்ட திரை எந்த வாசலையும் மூடக் கூடாது. வாசலுக்கு மேலே எரியும் சிறு விளக்கை எந்தக் காட்சிக்காகவும் அணைக்கக் கூடாது; கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும்; நாடகம் முடியும்வரை தாழ்ப்பாள் திறந்தே இருக்க, அதன் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.